இடது கண்ணு மட்டும் விடாம ஒழுகின கதை

ரெண்டு கண்ணும் சிவந்து ஒழுகுறது வேற, ஒரே ஒரு கண்ணு மாசக்கணக்குல ஒழுகுறது வேற. எனக்கு ரெண்டாவது ரகம், இடது கண்ணு. மூக்குப் பக்கத்து ஓரம் சிவந்து போவும், காலைல எந்திரிச்சா பீளை ஒட்டி இமை தொறக்காது, பகல் பூரா தண்ணி. சொட்டு மருந்து போட்டா அடங்கும், நிறுத்தினா கொஞ்ச நாள் சும்மா இருந்துட்டு திரும்ப அதே சிவப்பு அதே தண்ணி. சாதாரண கண்ணு நோவு ஒரு வாரம் ரெண்டு வாரத்துல ஓடிடும், வீட்டுல இன்னும் ரெண்டு பேருக்காவது ஒட்டியிருக்கும். இது யாருக்குமே ஒட்டல, எனக்கும் போகல.

நான் மலேசியாவுல, பினாங்கு பக்கம் பிறைல ஒரு பேக்டரில கியூசி, அதாவது தரம் பாக்கற வேலை. நாள் பூரா மைக்ரோஸ்கோப்புல சர்க்யூட் போர்டு பாக்கணும், தண்ணி ரொம்பின கண்ணோட பாத்தா சோல்டர் எல்லாம் கலங்கிக் கலங்கித் தெரியும், துடைச்சுத் துடைச்சு கண்ணோரத் தோலே உரிஞ்சு எரியும். கூட வேலை செய்யற மலாய்க்கார அக்கா "கெனாப்பா நாங்கிஸ்?" (ஏன் அழறே?)னு தினமும் கேப்பாங்க, நான் அழலன்னு சொன்னா நம்பணுமே, வீட்டுல ஏதோ பிரச்சினைன்னு அவங்களே முடிவு பண்ணிட்டு எங்க வீட்டுக்காரர் எப்படிப்பட்ட ஆளுன்னு கேண்டீன்ல விசாரிச்சிருக்காங்க.

காரணம் சொல்றதுக்கு ஆளுக்குப் பஞ்சமே இல்ல. புகைமூட்டம்னாங்க, ஏர்கோன்னாங்க, தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயில்ல கற்பூரப் புகைல நின்னதுன்னாங்க. எங்க அத்தை கண்ணூறுன்னு சுத்திப் போட்டுட்டு நந்தியாவட்டைப் பூவைக் கண்ணு மேல வைக்கச் சொன்னாங்க. மூடின இமை மேல வச்சா ஜில்லுன்னு சுகமாத்தான் இருக்கு, அதோட நிறுத்திக்கோங்க, பூவைப் பிழிஞ்சு உள்ள விடறது, தாய்ப்பால் விடறது எல்லாம் வேணாம், ஏற்கனவே கிருமி இருக்கற இடம்லா அது.

கம்பெனி செலவுல பாக்கற பேனல் கிளினிக் ஒண்ணுக்குத்தான் போய்ட்டு இருந்தேன். போறப்ப எல்லாம் வேற வேற டாக்டர், அன்னைக்குக் கண்ணு சிவப்பா இருக்கா, இந்தா குளோரம்பெனிக்கால்னு ஒரு ஆன்டிபயாட்டிக் சொட்டு, அவ்வளவுதான். போன மாசமும் இதுக்குத்தானே வந்தீங்கன்னு கார்டைத் திருப்பிப் பாத்து ஒருத்தர் கூட கேக்கல. ஒரு தடவை குடுத்த சொட்டுல ஸ்டிராய்ட் கலந்திருந்துச்சு, சிவப்பு மறுநாளே காணோம், அடடா இதான்டா மருந்துன்னு இருந்துச்சு. அந்த வகை மருந்தை டாக்டர் பாக்காம நாமளே வாங்கி வாங்கிப் போட்டா கண்ணுக்குள்ள பிரஷர் ஏறி கண்ணு நரம்பைக் கெடுக்கற குளுகோமா வரைக்கும் போகலாம்னு அப்பறம்தான் தெரிய வந்துச்சு, நல்லவேளை பாட்டில் சீக்கிரம் தீந்துருச்சு.

விஷயம் பிடிபட்டது கிளினிக் கெசிஹாத்தான்ல, அதான் அரசாங்க சுகாதார கிளினிக்ல. ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டி நம்பர் எடுத்து உக்காந்தேன். உள்ள சின்ன வயசுப் பொண்ணு ஒண்ணு, நம்ம தமிழ் டாக்டர்தான். "எந்தக் கண்ணு ஆன்ட்டி, எப்பவும் இதே கண்ணுதானா?"ன்னு கேட்டுட்டு, லைட் அடிச்சுப் பாக்கறதுக்கு முன்னாடியே மூக்குக்கும் கண்ணுக்கும் நடுவுல விரலை வச்சு மெதுவா அமுக்குச்சு. இமை ஓரத்துல இருந்து மஞ்சளா சளி மாதிரி பிதுங்கி வந்துச்சு, கண்ணாடில காட்டுச்சு, எனக்கே அருவருப்பா போச்சு.

இமையோட உள்பக்க ஓரத்துல மேல ஒண்ணு கீழ ஒண்ணு ஊசிமுனை அளவு ஓட்டை இருக்கு. நாம கண்ணைச் சிமிட்டறப்ப எல்லாம் கண்ணீர் அது வழியா உள்ள போயி, மூக்கோரத்துல இருக்கற கண்ணீர்ப்பைல இறங்கி, அங்கேர்ந்து எலும்புக்குள்ள ஓடற ஒரு குழாய் வழியா மூக்குக்குள்ள வந்துருது. அழுதா மூக்கு ஒழுகுறது இதனாலதான். அந்தக் கீழ்க் குழாய் அடைச்சுக்கிட்டா சிங்க் அடைச்ச மாதிரிதான், மேல தண்ணி வழியும், தேங்கினது பைக்குள்ள கெட்டுப் போயி கிருமி வளரும். சொட்டு மருந்து கிருமியைக் கொஞ்சம் அடக்கும், அடைப்பை எடுக்காது. நடு வயசு தாண்டின பொம்பளைங்களுக்குத்தான் இது அதிகமாம், நமக்கு அந்த எலும்புக் குழாய் கொஞ்சம் குறுகலா இருக்கறதும் ஒரு காரணம்னு சொல்றாங்க. அதனால ஒத்தக் கண்ணு ரொம்ப நாளா ஒழுகுதுன்னா "கண்ணு சிவந்திருக்கு"ன்னு மட்டும் சொல்லாதீங்க, எத்தனை மாசமா வந்து வந்து போகுதுன்னு சொல்லி, அந்தப் பையை அமுக்கிப் பாக்கச் சொல்லிக் கேளுங்க.

சூராட் ருஜுகான் (பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பற கடிதம்) வாங்கிட்டு பாகார் மாத்தா (கண்ணு ஸ்பெஷலிஸ்ட்) அப்பாயிண்ட்மென்டுக்குக் காத்திருந்த நேரத்துல ஒரு நாள் ராத்திரி மூக்கோரம் செவசெவன்னு வீங்கி, தொட்டாலே உசிர் போற வலி. நேரா எமர்ஜென்சி. மாத்திரைல ஆன்டிபயாட்டிக், வெதுவெதுப்பான துணி ஒத்தடம், வீக்கம் இருக்கறப்ப அமுக்கவோ குத்தவோ கூடாதுன்னு கண்டிப்பா சொல்லி அனுப்பினாங்க. காய்ச்சல் வந்தாலோ, வீக்கம் கண்ணு பூரா பரவினாலோ, பார்வை மங்கினாலோ, கண்ணைத் திருப்ப முடியலன்னாலோ அந்த நிமிஷமே திரும்பி வரணும்னும் சொன்னாங்க, ஏன்னா கிருமி கண்ணுக்குழிக்குள்ள இறங்கிட்டா அது வேற லெவல் ஆபத்து.

ஸ்பெஷலிஸ்ட் கிளினிக்குக்கு 5 வெள்ளி. காலைல பட்டர்வொர்த்ல பெர்ரி ஏறி பினாங்குத் தீவுக்குப் போனா காத்துல கண்ணு இன்னும் கொட்டும். அங்க சிரிஞ்சிங் பண்ணினாங்க, பேரைக் கேட்டு பயந்துட்டேன், ஆனா மரத்துப் போற சொட்டு விட்டுட்டு, முனை மழுங்கின சின்ன ஊசியைக் கீழ் ஓட்டைல வச்சு உப்புத்தண்ணி அடிப்பாங்க, அவ்வளவுதான். வழி தொறந்திருந்தா தொண்டைல உப்புக் கரிக்கணும். எனக்குத் தொண்டைக்கு ஒண்ணுமே வரல, அடிச்ச தண்ணி மேல் ஓட்டை வழியா சளியோட திரும்பி வந்து கன்னத்துல வழிஞ்சுது. ரத்தம் கலந்து வருதான்னும் கவனிச்சாங்க, அப்படி வந்தாலோ கண்ணு உள் மூலைக்கு மேல்பக்கம் கட்டியா இருந்தாலோ ஸ்கேன் எடுத்து வேற ஏதாவது வளருதான்னு பாப்பாங்களாம்.

பக்கத்து நாற்காலில ஒரு சீன ஆன்ட்டி, புரை ஆபரேஷனுக்கு வந்தவங்க, அவங்களுக்கும் இதே அடைப்பாம், இதை முதல்ல சரி பண்ணாதான் அதுன்னு தள்ளி வச்சிட்டாங்கன்னு ஒரே புலம்பல். பைல இருக்கற கிருமி ஆபரேஷன் பண்ணின கண்ணுக்குள்ள போனா பார்வையே போயிடும், டாக்டர் தள்ளி வச்சது நியாயம்தான்.

ஆபரேஷன் பேரு டிசிஆர். அடைச்ச குழாயை நோண்டாம, பைக்கும் மூக்குக்கும் நடுவுல இருக்கற எலும்புல கொஞ்சத்தை எடுத்துட்டு நேரா புது வழி போடறாங்க. இத்தாலில தோத்தின்னு ஒரு டாக்டர் 1904லயே வெளித்தோலை வெட்டி இதைச் செஞ்சு எழுதி வச்சிருக்காரு. இப்ப அதே வேலையை மூக்குக்குள்ள கேமரா விட்டும் செய்யறாங்க, முகத்துல தழும்பு இல்ல. ரெண்டுலயுமே பத்துல ஒம்பது பேருக்கு சரியாயிடும்னு சொன்னாங்க. எனக்கு மூக்கு வழியா, கண்ணு டாக்டரும் ஈஎன்டியும் சேர்ந்து. முழு மயக்கம், அதனால முன்னாடி ராத்திரில இருந்து பட்டினி. ரத்தம் இளக்கற மாத்திரை சாப்பிடறவங்க முன்கூட்டியே சொல்லிடணும், நீங்களா நிறுத்திடாதீங்க, எப்ப நிறுத்தணும்னு அவங்கதான் சொல்லணும். ரத்தப் பிரஷரும் கட்டுக்குள்ள இருக்கணும், இல்லன்னா ரத்தம் நிக்காது.

வலி நான் நினைச்ச அளவு இல்ல. தொல்லை எதுன்னா மூக்கு சிந்தவே கூடாது. மூக்குல ரத்தம் கலந்து வழியும், தலைகாணி ரெண்டு வச்சு உசத்திப் படுக்கணும், தும்மல் வந்தா வாயைத் தொறந்து தும்மணும், எங்க வீட்டுக்காரர் மீன் பொரிக்கறப்ப எல்லாம் நான் வாயைப் பொளந்துட்டு நின்னது வேற காமெடி. சூடா காப்பி குடிக்காம முதல் ரெண்டு நாள் எனக்குப் பைத்தியமே பிடிச்சிருச்சு. உப்புத்தண்ணியால மூக்கு கழுவறது மட்டும் சலிக்காம பண்ணுங்க, உள்ள பொருக்கு கட்டினா புது வழி மூடிக்கும்.

புது வழி சுருங்காம இருக்க மெல்லிசா சிலிகோன் டியூப் போட்டு விட்டிருந்தாங்க, கண்ணு மூலைல நூல் மாதிரி தெரியும், சில பேருக்கு சில வாரம் சில பேருக்கு சில மாசம்னு வைப்பாங்களாம். தும்மல்ல வெளிய தொங்கினா இழுக்காதீங்க, வெட்டாதீங்க, கன்னத்துல டேப் போட்டு ஒட்டிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க. என்னோடதை கிளினிக் நாற்காலில உக்கார வச்சே வெட்டி மூக்கு வழியா எடுத்துட்டாங்க. அப்பறம் மறுபடி சிரிஞ்சிங், இந்தத் தடவை தொண்டைல உப்பு! மிஸ்ஸி (நர்ஸ்) "ரசா மாசின் தாக்?" (உப்புக் கரிக்குதா?)னு கேட்டப்ப நான் தலையாட்டின வேகத்துல ஊசி குத்தியிருக்கும். தனியார்ல பல ஆயிரம் வெள்ளின்னு கணக்கு குடுத்திருந்தாங்க, என் பேனல்ல அது வராது, அதனாலதான் அரசாங்க ஆஸ்பத்திரி வரிசைல பொறுமையா நின்னேன்.

இதைப் படிச்சிட்டு பச்சைப் பிள்ளைக்குக் கண்ணு ஒழுகுதுன்னு யாரும் ஆபரேஷனுக்கு ஓட வேணாம். எங்க தங்கச்சி பேத்திக்கும் இருந்துச்சு, பிறக்கறப்பவே குழாய் நுனில ஒரு சவ்வு தொறக்காம இருக்கும், முக்கால்வாசி பிள்ளைகளுக்கு ஒரு வயசுக்குள்ள தானா தொறந்துக்கும், அது வரைக்கும் டாக்டர் காட்டித் தர்ற மாதிரி மூக்கோரத்துல மசாஜ் பண்ணினா போதும். ஆனா வெளிச்சத்தைப் பாத்தா பிள்ளை கண்ணைச் சுருக்குது, கருவிழி பெருசா மங்கலா தெரியுதுன்னா அது வேற சமாச்சாரம், அன்னைக்கே தூக்கிட்டுப் போயிடுங்க.