ஃபன்ஸ்பாட்டில் நூறு டோக்கன்: மாடியில் ஆரம்பியுங்கள்

ஃபன்ஸ்பாட் ஓர் ஆர்கேட், அதாவது காசுக்குப் பதில் டோக்கன் போட்டு ஆடும் விளையாட்டு இயந்திரங்களின் கூடம். அங்கே ஒரு குழந்தை கையில் நூறு டோக்கன் கொடுத்தால் முக்கால் மணி நேரத்தில் தீர்த்துவிடும். அதே நூறு டோக்கன் நான்கு மணி நேரமும் தாக்குப்பிடிக்கும். பிள்ளை கெட்டிக்காரனா இல்லையா என்பதைவிட, எந்தத் தளத்தில் ஆரம்பித்தீர்கள் என்பதுதான் இதைத் தீர்மானிக்கிறது.

இடம் அமெரிக்காவின் நியூ ஹாம்ஷயர் மாநிலத்தில், லக்கோனியா ஊரின் வியர்ஸ் பீச் பகுதி. வினிபசாக்கி ஏரிக்குப் பக்கத்தில். 1952இல் பாப் லாட்டன் சின்னதாகத் தொடங்கிய கடை, இன்று பல தளங்களில் அறுநூறுக்கு மேற்பட்ட விளையாட்டு இயந்திரங்களோடு நிற்கிறது. 2008இல் கின்னஸ் இதை உலகின் மிகப் பெரிய ஆர்கேட் என்று பதிவு செய்தது. பாஸ்டனிலிருந்து ஐ-93இல் வடக்கே சுமார் 100 மைல், இரண்டு மணி நேரம். 23ஆம் எக்ஸிட்டில் இறங்கி 104ஆம் சாலையில் மெரிடித் வரை போய், அங்கே 3ஆம் சாலையில் தெற்கே திரும்பினால் வந்துவிடும். நியூ ஹாம்ஷயருக்குள் ஹுக்செட்டில் ஒரு டோல் உண்டு. ஒயிட் மவுண்டன்ஸ் மலைப்பகுதிக்குப் போய் லிங்கன் ஊரில் தங்குகிறவர்கள் திரும்பும் வழியில் இதைச் சேர்த்துக்கொள்ளலாம், பெரிய சுற்று இல்லை.

நுழைவுக் கட்டணம் கிடையாது, பார்க்கிங்கும் இலவசம். தாத்தா பாட்டி கூட வந்தால் அவர்களுக்காகத் தனியாக ஒரு காசும் ஆகாது. எல்லாச் செலவும் டோக்கனில்தான்.

மழை பெய்தால் போகலாம் என்று வைத்திருக்கிறவர்கள் அந்த யோசனையை மாற்றிக்கொள்வது நல்லது. மழை வந்தால் ஏரிக்கரையில் இருக்கும் அத்தனை குடும்பமும் இங்கேதான் வரும். வெயில் அடிக்கும் நாளில், கதவு திறந்ததும் உள்ளே போனால் மாடியில் நிற்க ஆளிருக்காது. ஜூன் மாதம் தந்தையர் தினத்தோடு முடியும் அந்த ஒன்பது நாளைக் கட்டாயம் தவிர்க்கலாம். லக்கோனியா மோட்டார் சைக்கிள் வாரம் அப்போதுதான். சாலை முழுக்க பைக், ஹோட்டல் வாடகை எங்கேயோ போய் நிற்கும்.

இனி வரிசைக்கு வருவோம். மேல்தளத்தில் இருப்பது அமெரிக்கன் கிளாசிக் ஆர்கேட் மியூசியம். 1998இல் தொடங்கிய, லாப நோக்கமில்லாத அமைப்பு. 1970களிலும் 80களிலும் வந்த இயந்திரங்கள் வரிசையாக நிற்கின்றன. மியூசியம் என்றதும் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருப்பார்கள் என்று எண்ண வேண்டாம், டோக்கன் போட்டு ஆடலாம். பரிசுக்கு மாற்றிக்கொள்ளும் டிக்கெட்டை இந்த இயந்திரங்கள் தருவதில்லை. கீழே டிக்கெட் கக்கும் இயந்திரங்களை ஒரு தடவை பார்த்துவிட்ட பிள்ளைக்கு மாடி சப்பென்று போய்விடும். "இதுல என்னப்பா கிடைக்கும்?" என்ற கேள்வி வந்துவிட்டால் அப்புறம் மீட்க முடியாது. ஆகவே வாசலைத் தாண்டியதும் டோக்கனை வாங்கிக்கொண்டு நேரே மேலே ஏறுங்கள்.

கணக்கும் அதைத்தான் சொல்கிறது. புதிதாக ஆடுகிற எட்டு வயதுப் பிள்ளை பழைய விளையாட்டில் ஒரு டோக்கனுக்கு இரண்டு, இரண்டரை நிமிடம் நிற்கும். மூன்று உயிர் கொடுப்பார்கள், அவ்வளவு நேரம் ஓடும். டிக்கெட் இயந்திரத்தில் பந்தை விட்டு, விளக்கு சுற்றி, முடிந்தது என்று வரப் பெரும்பாலும் அரை நிமிடம்கூட ஆகாது. பெரிய திரை வைத்த புதிய கார் பந்தயங்களுக்கு ஒரு ஆட்டத்துக்கே பல டோக்கன் போகும். இரண்டு பிள்ளைகள் என்றால் டோக்கன் போட்டுவைக்க ஆளுக்கு ஒரு கோப்பை, ஆளுக்கு ஐம்பது. அதில் முப்பதை மாடிக்கும் இருபதைக் கீழ்த்தளத்துக்கும் ஒதுக்குங்கள். அந்த இருபது உங்கள் பையில் இருக்கட்டும், பிள்ளையின் கோப்பையில் வேண்டாம்.

மாடியில் முதல் பத்து நிமிடம் டோக்கன் போடாமலே சுற்றுங்கள். ஆள் இல்லாதபோதும் திரையில் ஆட்டம் தானாக ஓடிக்கொண்டிருக்கும். சின்னப் பிள்ளைகள் ஜாய்ஸ்டிக் குச்சியைப் பிடித்துத் திருப்பி, தானே ஆடுவதாக நினைத்துக்கொள்ளும். மூன்று வயதுக்கு அது போதும், கெடுக்காதீர்கள். பெரிய பிள்ளைகளுக்கு அந்த ஓட்டமே பாடம்: எது எதிரி, எது புள்ளி, எப்படிச் சாகிறார்கள் என்று பார்த்துக்கொள்ளலாம்.

முதல் டோக்கனைப் பேக்-மேனில் போடலாம். 1980இல் ஜப்பானின் நாம்கோ நிறுவனம் வெளியிட்டது, பேய்களிடம் சிக்காமல் புள்ளிகளைத் தின்றுகொண்டே போகும் ஆட்டம். டச் ஸ்கிரீனில் பழகிய பிள்ளைகள் இதில் தடுமாறுவதற்குக் காரணம் அந்தக் குச்சி. அது நான்கு திசைக்கு மட்டும் செய்யப்பட்டது, குறுக்காகத் தள்ளினால் எடுபடாது, பேக்-மேன் சுவரில் முட்டி நிற்பான். இரண்டு விரலால் மெல்லப் பிடித்து, திருப்பம் வருவதற்குச் சற்று முன்பே அடுத்த திசையில் தள்ளி வைத்திருக்கச் சொல்லுங்கள். மூலையில் அவன் குறுக்கே வெட்டித் திரும்புவான், பேய்கள் அப்படித் திரும்பாது. ஒவ்வொரு மூலையிலும் கொஞ்சம் முந்தலாம். அதைவிடப் பெரிய வித்தை இரண்டு பக்கமும் இருக்கிற சுரங்க வழி. அதற்குள் பேய்களின் வேகம் குறையும், பேக்-மேனுக்குக் குறையாது. துரத்தல் தாங்கவில்லை என்றால் அங்கே ஓடிவிட வேண்டும். பெரிய புள்ளியைத் தின்றபின் நான்கு பேயையும் அடுத்தடுத்துப் பிடித்தால் 200, 400, 800, 1600 என்று ஏறும். அதனால் நான்கும் அருகே வரும்வரை பெரிய புள்ளி பக்கத்தில் காத்திருப்பது புத்திசாலித்தனம்.

பேக்-மேனில் எடுக்கவே முடிகிற அதிகபட்ச மதிப்பெண் 33,33,360. முதன்முதலாக அது எட்டப்பட்டதாகப் பதிவானது 1999 ஜூலை 3 அன்று, இதே கட்டடத்தில். 256ஆம் கட்டத்தில், கட்டங்களை எட்டு பிட்டில் எண்ணும் கணக்கு நிரம்பி வழிந்து திரையின் வலது பாதி குப்பையாகிவிடும், அதற்கு மேல் ஆட்டமே இல்லை. கணினியில் ஆர்வம் உள்ள பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு எட்டு பிட் என்றால் என்ன என்று விளக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

கலாகா என்ற விண்கப்பல் ஆட்டத்தில் எதிரி ஒளிக்கற்றையை இறக்கி உங்கள் கப்பலை இழுத்துக்கொண்டு போகும். வேண்டுமென்றே ஒன்றைப் பிடிபட விட்டு, அந்த எதிரி பாய்ந்து வரும்போது அதை மட்டும் சுட்டால், கப்பல் திரும்பி வந்து இரட்டையாகச் சேர்ந்துகொள்ளும். குண்டும் இரட்டை. பிடிபட்ட கப்பலையே சுட்டுவிட்டால் போனது போனதுதான். கையில் இருப்பது கடைசிக் கப்பல் என்றால் இந்த வித்தை வேண்டாம், பிடிபட்டதும் ஆட்டம் முடிந்துவிடும். ஏணி ஏறி மேலே போக வேண்டிய டாங்கி காங்கில் சுத்தியல் கையில் இருக்கும்வரை ஏணி ஏற முடியாது என்பதைச் சொல்லி வையுங்கள், பிள்ளைகள் இயந்திரம் கெட்டுவிட்டது என்று நினைப்பார்கள். விண்கற்களைச் சுடும் ஆஸ்டிராய்ட்ஸில் குச்சியே கிடையாது, ஐந்து பொத்தான்தான். ஒரு தடவை உந்தினால் கப்பல் வழுக்கிக்கொண்டே போகும், உடனே நிறுத்த வேண்டுமானால் திருப்பி எதிர்த்திசையில் உந்த வேண்டும். முதல் தடவை ஆடுகிறவர்கள் உந்தாமல் நடுவில் நின்று சுழன்று சுட்டாலே நன்றாக வரும்.

அண்ணன் தங்கை சேர்ந்து ஆட வேண்டுமென்றால் கவனம் தேவை. 'டூ பிளேயர்' என்று எழுதியிருந்தாலும் பேக்-மேன், டாங்கி காங் போன்றவற்றில் ஒருவர் செத்தபின்தான் மற்றவர் முறை. பெரியவன் நான்கு நிமிடம் ஆட, சின்னவள் நின்று பார்த்து அழத் தொடங்குவாள். ஜவுஸ்ட் மாதிரி ஒரே நேரத்தில் இருவர் ஆடுவதைத் தேடுங்கள். காண்ட்லெட்டில் நால்வர் ஆடலாம், அம்மா அப்பாவும் சேரலாம். ஆனால் அது டோக்கன் தின்னி. சும்மா நின்றாலும் உயிர்சக்தி குறைந்துகொண்டே போகும், டோக்கன் போட்டால்தான் ஏறும். ஆளுக்கு மூன்று டோக்கன், அதற்கு மேல் இல்லை என்று முன்பே பேசிவிடுங்கள். எந்த இயந்திரம் எந்த நாளில் ஓடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. நாற்பது வயதைத் தாண்டிய சாமான்கள், பழுது பார்க்கப் போகும், வரும்.

டோக்கன் போட்டும் ஒன்றும் நடக்கவில்லை என்று பிள்ளை ஓடிவந்தால் முதலில் திரையின் ஓரத்தில் கிரெடிட் எண்ணைப் பாருங்கள். ஒன்று என்று காட்டினால் டோக்கன் ஏறிவிட்டது, ஒருவர் ஆடும் ஸ்டார்ட் பொத்தானை அழுத்தவில்லை, அவ்வளவுதான். பலர் இருவர் பொத்தானை அழுத்திக்கொண்டே நிற்பார்கள், அதற்கு இரண்டு கிரெடிட் வேண்டும். எண் ஏறவே இல்லை என்றால் டோக்கன் உள்ளே மாட்டியிருக்கிறது. துளைக்குப் பக்கத்தில் திருப்பித் தரும் பொத்தான் இருக்கும், அதை அழுத்துங்கள். உள்ளே இருக்கும் கருவி டோக்கனின் எடையையும் விட்டத்தையும் பார்த்துத்தான் விடும், நசுங்கியதும் பிசுபிசுப்பு ஏறியதும் தங்கிப்போகும். ஐஸ்கிரீம் தின்ற கையோடு டோக்கனைத் தொடக்கூடாது என்பதற்கு இதுவே காரணம். இயந்திரத்தைத் தட்டாதீர்கள், ஊழியரைக் கூப்பிடுங்கள். சாய்ந்த பலகையில் பந்தைத் தட்டி ஆடும் பின்பால் இயந்திரத்தைக் குலுக்கினால் இன்னும் மோசம். உள்ளே தொங்கும் ஊசற்குண்டு தன்னைச் சுற்றியிருக்கும் வளையத்தைத் தொட்டதும் 'டில்ட்' விழும், தட்டுக்கைகள் செத்துவிடும், அந்தப் பந்து போச்சு.

போட்டோ எடுத்தால் பழைய திரைகளில் கறுப்புப் பட்டை விழும். குழாய்த் திரை நொடிக்கு ஏறக்குறைய அறுபது தடவை புதுப்பித்துக்கொள்வதால் வருவது. போனில் ஷட்டரை 1/60இல் வைத்தால் பெரும்பாலும் போய்விடும்.

மாடியிலிருந்து இறங்கியதும் நேரே டிக்கெட் பக்கம் போகாமல் நடுவில் பவுலிங்கை வையுங்கள். கண்ணும் காதும் கொஞ்சம் ஆறும். இங்கே வழக்கமான பவுலிங்கோடு கேண்டில்பின்னும் உண்டு. அதைத்தான் தேர்ந்தெடுங்கள். 1880இல் மாசசூசெட்ஸின் வூஸ்டரில் பிறந்த ஆட்டம், நியூ இங்கிலாந்தையும் கனடாவின் கிழக்கு மாகாணங்களையும் தாண்டி அவ்வளவாகப் பரவவில்லை. பந்து நாலரை அங்குல விட்டம்தான், எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல், விரல் விடும் துளை இல்லை. ஐந்து வயதுக் கையிலும் அடங்கும். ஒரு முறைக்கு மூன்று பந்து. விழுந்த கட்டைகளை நடுவில் அகற்ற மாட்டார்கள், அப்படியே கிடக்கும், அவற்றில் பட்டு மற்றவை விழுவதும் கணக்கில் சேரும். மெழுகுவர்த்தி போல ஒல்லியான கட்டைகள் என்பதால் பந்து இடுக்கில் நழுவிப் போய்விடும். இந்த ஆட்டத்தில் முழு 300 இதுவரை யாரும் எடுத்ததில்லை, உச்சம் 245. அதனால் அப்பா அறுபது எடுத்தாலும் அவமானமில்லை. கோட்டுக்கு அப்பால் பத்து அடிக்குள் பந்து தரையைத் தொட்டாக வேண்டும், தூக்கி எறியக் கூடாது.

டிக்கெட் தளத்துக்கு அந்த இருபது டோக்கன். சரிவில் பந்தை உருட்டிப் புள்ளிக் குழிகளில் விழவைக்கும் ஸ்கீ பால்தான் காசுக்கு மதிப்புள்ளது. ஒன்பது பந்து வரும், கொஞ்ச நேரமாவது ஓடும். பிள்ளைகள் ஓங்கி வீசுவதால் பந்து மேல் வலையில் மோதி பத்துப் புள்ளிக் குழியில் விழுகிறது. கையைத் தாழ்த்தி, நடுவில், ஒரே வேகத்தில் உருட்டினால் முப்பதும் நாற்பதும் தொடர்ந்து கிடைக்கும். மூலையில் இருக்கும் நூறு ஆசைகாட்டும், அதைக் குறிவைத்துக் கோட்டைவிட்டவர்களே அதிகம். பொம்மை எடுக்கும் கொக்கி இயந்திரங்கள் எந்த ஊரிலும் ஒன்றுதான்: பிடியின் வலுவை வைத்திருப்பவர் கூட்டிக் குறைக்கலாம். தூக்கி, பாதி வழியில் நழுவவிட்டால் பிள்ளையின் கையைக் குறை சொல்லாதீர்கள். டோக்கனைத் தள்ளி விழவைக்கும் இயந்திரத்தில் விளிம்பில் தொங்குகிற குவியலைப் பார்த்து மயங்க வேண்டாம், ஒரு பங்கு பக்கவாட்டுக் குழியில் இறங்கிப் போகும்.

பரிசுக் கவுன்டருக்கு டிக்கெட் ஆட்டத்துக்குச் சற்று முன் ஒரு தடவை கூட்டிப்போய், எதற்கு எத்தனை டிக்கெட் என்று காட்டிவிடுங்கள். பெரிய பொம்மைக்கான எண்ணைப் பார்த்ததும் பிள்ளைகளே கணக்குப் போட்டுக் கீழ் அடுக்குக்கு வந்துவிடுவார்கள். இருவர் டிக்கெட்டையும் ஒன்றாகச் சேர்த்தால் நடுத்தரமான ஒரு பரிசு வரும். ஆனால் அது யாருக்கு என்ற சண்டை கார் ஏறும்வரை நீளும். தனித்தனியே வாங்கிக்கொள்ளட்டும்.

சாப்பாடு உள்ளேயே கிடைக்கும். சைவம் என்றால் பீட்சா, உருளை வறுவல் என்ற அளவில்தான். நியூ ஹாம்ஷயரில் விற்பனை வரி இல்லை என்று மகிழ்ந்துகொண்டிருக்கும்போது உணவகச் சாப்பாட்டுக்கு 8.5 சதவீத வரி பில்லில் வரும். புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போனால் காரில் வைத்துவிட்டு, நடுவில் வெளியே வந்து சாப்பிடலாம். மாடியில் இயந்திரங்களுக்கு மேல் குளிர்பானக் கோப்பையை வைக்க வேண்டாம். கொட்டினால் உள்ளே போகும், அதற்கு மாற்றுச் சர்க்யூட் பலகை இன்று கிடைப்பது கடினம்.

பல தளம், நல்ல சத்தம், மாடியில் வெளிச்சமும் குறைவு. கூப்பிட்டால் காதில் விழாது. நுழைந்ததும் ஒரு சந்திப்பு இடத்தைக் காட்டி வையுங்கள், சின்னப் பிள்ளையின் கையில் போன் எண்ணை எழுதிவிடுங்கள். சத்தம் ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்குக் காது மூடி எடுத்துப் போகலாம். அப்படிப்பட்ட பிள்ளைக்கு டிக்கெட் தளம்தான் கஷ்டம், மாடியைத் தாங்கிக்கொள்ளும். வலிப்பு நோய் உள்ளவர்கள் இருந்தால் மின்னும் திரைகளைப் பற்றி மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் பையில் இருக்கும் அந்த இருபதில் கடைசி ஐந்து டோக்கனைக் காட்டாமல் வைத்திருங்கள். எல்லாம் தீர்ந்தது, கிளம்பலாம் என்றதும் முகம் தொங்கும். அப்போது எடுத்துக் கொடுத்து மறுபடியும் மாடிக்கு அனுப்பினால், காலையில் விட்ட கட்டத்தைத் தாண்டிவிட்டுத் தானே இறங்கி வருவார்கள்.