மாலை கழற்றிய மறுநாள்

குடியைப் பற்றிப் பேச்சு வந்தாலே நம் ஊரில் இரண்டு கட்சி. "அவனவன் ஒழுக்கமாக இருந்தால் கடை எப்படி ஓடும், சாமி பயம் போய்விட்டது, அதனால்தான் இப்படி" என்கிறது ஒரு கட்சி. "சாமியாவது பூதமாவது, அரசாங்கம் கடையை இழுத்து மூடினால் எல்லாம் சரியாகிவிடும்" என்கிறது இன்னொன்று. சேலத்திலேயே பிறந்து வளர்ந்த எனக்கு இரண்டுமே பாதிக் கிணறு தாண்டுகிற பேச்சாகத்தான் தோன்றுகிறது.

ஏனென்றால் இந்த இரண்டையும் சேர்த்துச் செய்து பார்த்த ஊர் இது. 1937 அக்டோபர் 1-ஆம் தேதி மதுவிலக்கு முதலில் வந்தது சேலம் மாவட்டத்தில்தான். கொண்டு வந்தவர் ராஜாஜி. இங்கே வக்கீலாக இருந்தவர், இந்த நகராட்சிக்குத் தலைவராக இருந்தவர், 1925-இல் திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கி, மதுவிலக்குக்காகவே ஒரு பத்திரிகையும் நடத்தியவர். தனிமனித ஒழுக்கத்தை அவ்வளவு நம்பியவர்கூட அதை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்கவில்லை, பதவிக்கு வந்ததும் சட்டம் போட்டார். சட்டத்தோடும் விடவில்லை. கடை மூடிய ஊர்களில் சாயங்காலப் பொழுதை நிரப்ப பஜனை, விளையாட்டு என்று ஏற்பாடுகள் நடந்தன. போன வருமானத்துக்கு ஈடாக 1939-இல் விற்பனை வரி வந்தது. வரியைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அந்தச் சாயங்கால ஏற்பாடுதான், ஏனென்றால் அதை நான் வருடாவருடம் வேறு ஒரு வடிவத்தில் கண்ணெதிரே பார்க்கிறேன்.

கார்த்திகை ஒன்றாம் தேதி செவ்வாய்ப்பேட்டை, குகை, அம்மாபேட்டை, பள்ளப்பட்டி, எங்கே போனாலும் சபரிமலைக்கு விரதம் இருப்பவர்களின் கருப்பு வேட்டியும் துளசி மாலையும்தான். ஏற்காட்டில் எஸ்டேட் லைன் வீடுகளிலும் அப்படியே. மலையில் அது காப்பிப் பழம் பறிக்கிற பருவம், கையில் கூலி புரளும் மாதங்கள், வழக்கமாகக் குடி கூடுகிற மாதங்களும் அவைதான். அந்த மாதங்களில்தான் ஒரு கூட்டம் ஆண்கள் ஒரு சொட்டுக்கூடத் தொடாமல் இருக்கிறார்கள்.

எங்கள் தெருவில் கொலுசுப் பட்டறையில் வேலை செய்யும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். பொடி வைத்து ஊதிப் பற்றவைக்கிற நுணுக்கமான வேலை, கை கொஞ்சம் நடுங்கினாலும் சரக்கு வீண். சாதாரண நாள்களில் மதியம் பன்னிரண்டு மணிக்கு டாஸ்மாக் திறக்கும்போது அவரைப் பட்டறையில் பார்க்க முடியாது. ராத்திரி அவர் வண்டிச் சத்தம் கேட்டாலே மகள் பள்ளிக்கூடப் பையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள், சுவரோரம் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். மாலை போட்டுவிட்டால் அதே மனிதர் விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டுச் சரணம் சொல்லுகிற குரல் தெருமுனை வரை கேட்கும். அந்தப் பெண்ணே வாசலில் நின்று, "சாமி, சாப்பிட வாங்க" என்று கூப்பிடுவாள். அதை ஒருமுறை கேட்டவர்கள் மதத்தால் என்ன பயன் என்று சட்டென்று கேட்டுவிட மாட்டார்கள்.

"பார், மனசு வைத்தால் முடிகிறது அல்லவா, மற்ற நாளில் எல்லாம் திமிர்" என்று சொல்கிறவர்கள் நிறைய. எனக்கு அது கொஞ்சமும் சரியாகப் படவில்லை. ஐப்பசியில் இருந்த அதே மனசுதான் கார்த்திகையிலும் அவருக்கு. ஆனால் சுற்றி இருந்ததெல்லாம் மாறிவிட்டது. பட்டறை முதலாளியிலிருந்து டீக்கடைக்காரர் வரை சாமி என்கிறார்கள். மாலை போட்டவனுக்கு ஊற்றிக் கொடுத்த பாவம் நமக்கு எதற்கு என்று கூட்டாளிகள் தாங்களாகவே ஒதுங்கிக்கொள்கிறார்கள். கால் கடைப் பக்கம் இழுக்கிற அந்த ஆறு மணிக்கு குருசாமி வீட்டில் பஜனை, அப்புறம் யாராவது கன்னிச்சாமி வீட்டில் சாப்பாடு, ஒரு நாள் ஆளைக் காணவில்லை என்றால் குருசாமி தேடி வந்துவிடுவார். வீட்டில் அக்கா விடியுமுன்பே எழுந்து தனிப் பாத்திரத்தில் சமைக்கிறார் (இந்த உழைப்புக்கு யாரும் கணக்கு வைப்பதில்லை, விரதம் முறிந்தால் மட்டும் பழி அவர் தலையில் விழும்). நாற்பத்தெட்டு நாளும் ஒரு தெருவே சேர்ந்து ஒரு ஆளைத் தாங்கிப் பிடிக்கிறது. பக்திதான் அத்தனை பேரையும் அவரைச் சுற்றிக் கொண்டுவந்து நிறுத்தியது, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

மாலையைக் கழற்றினால் அன்றைக்கே எல்லாம் கலைந்துவிடுகிறது. பஜனை கிடையாது, சாமி என்று கூப்பிட ஆள் கிடையாது, தேடி வர குருசாமி கிடையாது. பழைய கூட்டாளிகள் மட்டும் மறுநாளே வந்துவிடுகிறார்கள், இத்தனை நாள் பொறுத்திருந்தோமே என்று. மலை இறங்கி வரும் வழியிலேயே வேனை நிறுத்தி ஆரம்பிக்கிறவர்களும் உண்டு. தவக்காலம் முடிந்த ஞாயிறு, நோன்புப் பெருநாள் முடிந்த வாரம், எந்த மதம் என்று பிரித்துச் சொல்ல ஒன்றுமில்லை, பல வீடுகளில் இதே கதைதான்.

மதத்தை வளர்த்தால் குடி தானாகப் போய்விடும் என்கிறவர்களுக்கு ஒன்று. நம் முனியப்பன் கோயில்களில் சுருட்டோடு சாராயமும் படையலில் உண்டு. ஆடித் திருவிழாவில் காப்புக் கட்டியவர்கள் விரதம் இருக்கும் அதே தெருவில்தான் பாட்டிலும் உடைகிறது. படையலை நான் பழிக்கவில்லை, அது அந்த மக்கள் தங்கள் சாமியோடு உறவாடும் முறை. சாமியின் பெயரில் குடிக்கவும் வழி இருக்கிறது, விடவும் வழி இருக்கிறது என்பதை மட்டும் ஒத்துக்கொள்வோம்.

இன்னொரு விஷயத்தைச் சத்தம் போட்டே சொல்ல வேண்டியிருக்கிறது. வருடக்கணக்கில் தினமும் நிறையக் குடித்த ஒருவர் ஒரே நாளில் திடீரென்று நிறுத்தினால் உடம்பு தாங்காமல் போகலாம். கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை என்று ஆரம்பித்து, இரண்டு மூன்று நாளுக்குள் வலிப்பு வரலாம், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியலாம், கவனிக்காவிட்டால் உயிரே போகலாம். இதைச் சாமி குத்தம் என்று நினைத்து வேப்பிலை அடித்து உட்கார வைக்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. மாலை போடுவதற்கு முன், சூடம் அணைத்துச் சத்தியம் வாங்குவதற்கு முன், கோயிலில் கயிறு கட்டுவதற்கு முன், ஒருமுறை மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் இதற்கு வைத்தியம் இருக்கிறது, அதற்கு முன் பேசிப் பார்க்க வேண்டுமென்றால் 14416 என்ற இலவச எண்ணும் இருக்கிறது. சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுத்தால் குடியை மறந்துவிடுவார் என்று மாத்திரையும் பொடியும் விற்கிறார்களே, அதை மட்டும் வாங்கவே வாங்காதீர்கள். டைசல்ஃபிரம் மாதிரி மருந்து உள்ளே இருப்பது தெரியாமல் ஒருவர் குடித்துவிட்டால் ரத்த அழுத்தம் சரிந்து ஆளையே சாய்த்துவிடும். அவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, மருத்துவர் பார்வையில் சாப்பிட வேண்டியது அது.

மாலைக்குப் பிறகும் தாங்கிப் பிடிக்க முடியுமா என்றால், முடிந்திருக்கிறது. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் 1935-இல் அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரில் தொடங்கியது, குடியால் சீரழிந்த ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவை மருத்துவரும் சந்தித்துப் பேசியதில். ஒரு கிறிஸ்தவ இயக்கத்தின் வழியாக வந்தவர்கள்தான் அவர்கள். ஆனாலும் கடவுள் என்றால் அவரவர் புரிந்துகொண்ட கடவுள் என்று வைத்தார்கள், அதனால்தான் நம் ஊர் அண்ணன்களும் அங்கே போய் உட்கார முடிகிறது. இன்றைக்கு ஒரு நாள் குடிக்கமாட்டேன் என்பதுதான் அங்கே விரதம். அதற்குக் கழற்றும் தேதி கிடையாது. ஏற்கனவே விட்டவர் இப்போது விட நினைப்பவரோடு உட்காருகிறார், குடும்பத்தாருக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டம். நம் குருசாமி முறையும் கிட்டத்தட்ட இதுவேதான், தை பிறந்ததும் நின்றுவிடுகிறது, அவ்வளவுதான் குறை.

சரி, அரசாங்கத்தை விட்டுவிடலாமா என்றால், விடவே முடியாது. 2003-லிருந்து சில்லறை விற்பனை முழுக்க அரசின் கையில். 2023-24-இல் மட்டும் டாஸ்மாக் மூலம் வந்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். பாட்டிலில் எச்சரிக்கை வாசகத்தை அச்சடித்துவிட்டு, பஸ் ஸ்டாண்டு பக்கத்திலேயே கடையும் வைத்து, குடிக்கிறவனை மட்டும் ஒழுக்கம் இல்லாதவன் என்பது எனக்கு அநியாயமாகப் படுகிறது. நம் மாவட்டத்துக் காந்தியவாதி சசிபெருமாள், பள்ளிக்கும் வழிபாட்டு இடத்துக்கும் பக்கத்தில் இருந்த ஒரு கடையை அகற்றச் சொல்லி, 2015 ஜூலை 31 அன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் செல்போன் கோபுரத்தில் ஏறிப் போராடியபோது இறந்துபோனார். குடிக்காத மனிதர், தன் ஒழுக்கத்தோடு வீட்டில் இருந்திருக்கலாம். என் ஒழுக்கம் என் வீட்டு வாசலோடு முடிவதில்லை என்று நினைத்த ஒருவர் அவர்.

ஆனால் கடையை மூடினால் போதும் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், பாதிக்கப்பட்டவர்களில் சிலரை நம் சேலம் அரசு மருத்துவமனைக்குத்தான் கொண்டு வந்தார்கள். கடை திறந்திருந்த காலத்திலேயே, விலை கம்மி என்பதற்காக அந்தப் பாக்கெட்டை வாங்கினார்கள். கடைகள் குறைய வேண்டும், கட்டாயம் குறைய வேண்டும். ஆனால் கடை மூடிய சாயங்காலத்தில் அந்த ஆள் எங்கே போய் உட்காருவார், யாரோடு பேசுவார் என்று ஒருவர்கூட யோசிக்காவிட்டால் அவருக்கு வேறு பாக்கெட் கிடைத்துவிடும்.

அதனால் எங்கள் பகுதிக் குருசாமிகள் இரண்டு பேரிடம் போய்க் கேட்டேன். மகரவிளக்கு முடிந்த பிறகும் வாரம் ஒருநாள் பஜனையை நிறுத்தாதீர்கள், மாலை இல்லாமல் வருகிறவரையும் சாமி என்றே கூப்பிடுங்கள், நடுவில் ஒருநாள் குடித்துவிட்டவர் வந்தால் தீட்டு என்று திருப்பி அனுப்பாதீர்கள் என்றேன். ஒருவர் யோசித்துச் சொல்கிறேன் என்றார். இன்னொருவர் உடனே சரி என்றார். அவரே பத்து வருடம் முன்னால் குடித்தவர், அவருக்கு நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. குடும்பத்தோடு வரலாம், பெண்களுக்குத் தனியாகப் பேச பின்கட்டில் இடம் உண்டு, மாதம் ஒருமுறை மருத்துவர் யாரையாவது கூப்பிடலாம் என்று அவரே சொன்னார். நாள் மட்டும் வெள்ளி என்று நான் சொன்னதை அவர் ஒத்துக்கொள்ளவில்லை. சனிக்கிழமைதான் என்று சொல்லிவிட்டார், பட்டறைகளில் கூலி போடுகிற நாள் அது, ஆறு மணிக்கே ஆரம்பிக்க வேண்டும் என்றார்.