லேத் பெட்டில் இருந்த முறுக்கை எடுத்தேன்

சிங்கப்பூர் சுங்கை காடுட்டில் நான் வேலை பார்க்கும் பட்டறையின் மூலையில், இரும்பைச் சுழற்றிக் கடையும் மெஷினான லேத் ஒன்று, இங்கிலாந்தில் செய்த பழையது, ரொம்ப நாளாகச் சும்மா கிடந்தது. வேலையை இரு முனையிலும் தாங்கும் கூர்முனைகள்தான் சென்டர்; அதன் உயரம் 165 மில்லிமீட்டர், இரண்டு சென்டருக்கும் நடுவே ஒரு மீட்டர். முதலாளி அதைப் பழைய இரும்புக்குப் போடச் சொன்னார். நான் பிரித்துச் சரிசெய்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். கழற்றிக் கழுவியது, பேரிங் மாற்றியது எல்லாம் சுலபமாகவே முடிந்தன. மற்ற பாகங்களைத் தாங்கும் நீண்ட அடிப்பாகமான பெட்டை மட்டம் பார்ப்பதில்தான் பத்து நாள் போனது.

கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம் இதற்கு உதவாது. குமிழி ஒரு கோடு நகர்ந்தால் மீட்டருக்கு 0.02 மில்லிமீட்டர் சரிவு என்று காட்டும் லெவல் வேண்டும். நண்பரிடம் இரவல் வாங்கினேன். முதலில் அந்த லெவலையே சோதிக்க வேண்டும். ஓர் இடத்தில் வைத்துக் குமிழியைப் பார்த்தேன். பிறகு அதே இடத்தில் முனை மாற்றித் திருப்பி வைத்தேன். இரண்டு முறையும் குமிழி பட்டறையின் ஒரே பக்கமாக அதே அளவு நகர வேண்டும். மூன்று கோடு வித்தியாசம் வந்தது. அதில் பாதி, ஒன்றரைக் கோடு, லெவலின் பிழை. அதன் திருகில் சரிசெய்த பிறகுதான் பெட் பக்கம் போனேன். கண்ணாடிக் குழலைக் கையால் தொடக்கூடாது; உடம்புச் சூட்டுக்கே குமிழி நகர்கிறது. வைத்துவிட்டுச் சில நிமிடம் காத்திருந்து படிக்க வேண்டும்.

கப்பல் பழுதுபார்க்கும் வேலையில் முப்பது வருடம் லேத் ஓட்டி ஓய்வுபெற்ற அண்ணன் ஒருவர் ஈசூனில் இருக்கிறார். அவரிடம் போனில் கேட்டேன்.

"தம்பி, கப்பல் என்ஜின் ரூம்லயும் லேத் ஓடுது. கப்பல் ஆடிக்கிட்டே இருக்கு. அங்க யாரு மட்டம் பாக்குறது? பெட்டுல முறுக்கு இருக்கக்கூடாது, அதுதான் விஷயம்."

பெட் முழு மட்டமாக இருக்க வேண்டுமா என்று எனக்கு அதுவரை இருந்த குழப்பம் அப்போதுதான் தீர்ந்தது. முறுக்கு என்றால், பெட்டின் ஒரு முனை மறுமுனையைவிடக் குறுக்கே சாய்ந்து திருகியிருப்பது. லெவலை பெட்டின் குறுக்கே வைத்து, வேலையைச் சுழற்றும் ஹெட்ஸ்டாக் பக்கமும், எதிர்முனையில் தாங்கும் டெயில்ஸ்டாக் பக்கமும் ஒரே அளவு காட்டினால் போதும். இரண்டும் பூஜ்யமாக இருந்தால் கணக்குப் பார்க்க வசதி, அவ்வளவுதான். வெட்டும் டூலைச் சுமக்கும் சேடில் ஓடித் தேய்ந்த தடத்தில் வைத்தால் தேய்மானத்தையும் சேர்த்துக் காட்டும். என் லேத்தில் டெயில்ஸ்டாக் தடங்கள் தட்டையானவை, அதிகம் தேயாதவை. அவற்றின் மேல் வைத்தேன்.

காலையில் சரியாக வைத்தால் மதியம் மாறியிருந்தது. இரண்டு நாள் காரணம் தெரியவில்லை. மூன்றாம் நாள், ஃபோர்க்லிஃப்ட் கடந்து போனபோது குமிழி நகர்வதைக் கண்ணால் பார்த்தேன். கீழே குனிந்து பார்த்தால், டெயில்ஸ்டாக் பக்கக் கால்கள் கான்கிரீட் தளத்தின் இணைப்புக்கு அந்தப் பக்கம், அடுத்த பலகத்தில் நிற்கின்றன! மெஷினை அரை மீட்டர் தள்ளி, எல்லாக் கால்களையும் ஒரே பலகத்துக்குக் கொண்டுவந்தோம். மாலை நான்கு மணி வெயிலும் ரோலர் ஷட்டர் வழியாக பெட்டின் ஒரு பக்கத்தில் விழுந்துகொண்டிருந்தது. அதனால் காலை எட்டு மணிக்கு, ஷட்டர் திறக்கும் முன்பே அளக்கத் தொடங்கினேன்.

அப்புறம் ஹெட்ஸ்டாக்கையும் மோட்டாரையும் ஏற்றினேன். இங்கேதான் என் பெரிய தவறு. வெறும் பெட்டில் பார்த்த மட்டம் அப்படியே நிற்கும் என்று நினைத்து, மறுபடி லெவல் வைக்கவில்லை. 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள கம்பியை டெயில்ஸ்டாக் பிடிமானம் இல்லாமல் 150 மில்லிமீட்டர் வெளியே விட்டு, இரண்டு முனையிலும் வளையம் மட்டும் நிற்கும்படி நடுப்பகுதியைக் குறைத்து, மெல்லிய வெட்டு ஒன்று கொடுத்தேன். வெளிமுனை 0.01 மில்லிமீட்டர் பெரிதாக வந்தது. ஹெட்ஸ்டாக் கோணலாக உட்கார்ந்திருக்கிறது என்று போல்ட்டைத் தளர்த்தவே போய்விட்டேன். நல்லவேளை, அதற்கு முன் அண்ணனைக் கூப்பிட்டேன். "லெவல் வச்சுப் பாத்தியா?" என்றார்.

வைத்தேன். டெயில்ஸ்டாக் பக்கம் முன்புறம் எட்டுக் கோடு தாழ்ந்திருந்தது. பெட்டின் அகலம் 200 மில்லிமீட்டர் என்பதால் ஒரு கோடு 4 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்), எட்டுக் கோடு 32 மைக்ரான். முன்புறம் தாழ்ந்தால், பெட்டுக்கு மேலே உயரத்தில் இருக்கும் டூல் நம் பக்கம் சாய்ந்து வேலையை விட்டு விலகும். அதனால் அந்த முனை தடிக்கிறது. ஒரு மீட்டர் நீளத்துக்கு விட்டத்தில் சுமார் 0.05 மில்லிமீட்டர் வரும். 150 மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய நான் அளந்த அளவுதான்! ஹெட்ஸ்டாக்கின் மேல் தப்பே இல்லை.

டெயில்ஸ்டாக் பக்க முன்கால் போல்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தினேன். லாக் நட்டை இறுக்கும்போதே அரைக் கோடு மாறும், அதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். பூஜ்யம் வந்ததும் ஒரு ராத்திரி அப்படியே விட்டேன். காலையில் ஒன்றரைக் கோடு இறங்கியிருந்தது. மறுபடி சரிசெய்து இன்னொரு ராத்திரி விட்டேன். இந்த முறை நகரவில்லை.

மறுபடி அதே கம்பியில் வெட்டு. இரண்டு வளையங்களுக்கும் 2 மைக்ரான் வித்தியாசம். கால் போல்ட்டுகள் எல்லாவற்றிலும் நட்டோடு சேர்த்து வெள்ளைப் பெயின்ட் கோடு போட்டு வைத்திருக்கிறேன். லெவலைத் திருப்பிக் கொடுக்கும்போது, அடுத்த மாதம் ஒரு நாள் இது மறுபடி தேவைப்படும் என்று நண்பரிடம் சொல்லிவிட்டு வந்தேன்.