சத்தம் வரலைண்ணா

"போட்டாச்சுண்ணா. ஆனா சத்தம் வரல."

ட்ரோனின் இறக்கைப் பூட்டைப் போட்டுவிட்டு என் உதவியாளன் சொன்னது இவ்வளவுதான். "இந்தக் காத்துல எங்க கேக்கப்போகுது, விடு" என்றேன். அப்புறம் ட்ரோனை எறி என்றேன், எறிந்தான். எல்லாம் சேர்த்து அரை நிமிடம் இருக்காது. மூன்று வருடம் ஆகிவிட்டது. இன்றைக்கும் குஞ்சப்பனை செக்போஸ்ட் தாண்டி ஜீப் கோத்தகிரி நோக்கி ஏறத் தொடங்கியதும் அந்த அரை நிமிடம் எனக்குள் முதலிலிருந்து ஓட ஆரம்பித்துவிடுகிறது.

எங்கள் ட்ரோன் விமானம் மாதிரி இறக்கை வைத்தது. தேயிலைத் தோட்டத்தைப் படம் எடுத்து, எந்தப் பகுதியில் செடி பட்டுப்போய்க் காலி விழுந்திருக்கிறது, எங்கே கவாத்து அடிக்கலாம் என்று கணக்குச் சொல்வது எங்கள் வேலை. விசிறி வைத்த சின்ன ட்ரோன் என்றால் அரை மணிக்குள் பேட்டரி தீர்ந்து இறங்கிவிடும். இறக்கை உள்ளது ஒரு மணி நேரம் நிற்கும். ஆனால் விரித்தால் இரண்டேகால் மீட்டர். அதை அப்படியே ஜீப்பில் வைத்துக்கொண்டு கொண்டை ஊசி வளைவுகளில் ஏற முடியாது. அதனால் இரண்டு பக்கமும் நடுவில் கீல் வைத்து மடக்கும்படி செய்திருந்தோம்.

கீலுக்குப் பக்கத்தில் 6 மில்லிமீட்டர் எஃகு பின் ஒன்று, பின்னால் ஒரு ஸ்பிரிங். இறக்கையை விரித்து நேராக்கினால் பின் துளைக்குள் பாய்ந்து 'டக்' என்று உட்கார வேண்டும். செக்லிஸ்டில் 'இறக்கைப் பூட்டு' என்று ஒரு வரி இருந்தது. சத்தத்தைப் பற்றி அதில் எதுவும் இல்லை. இதைச் சொல்வது என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் என்று எனக்கே தெரிகிறது. இருந்தாலும் அது உண்மை.

இதில் ஒரு விஷயம் வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. தரையில் வைத்திருக்கும்போது இறக்கை தன் பாரத்தால் கீழ்நோக்கித் தொங்கப் பார்க்கும், கீலில் இருக்கும் தடுப்பு அதை நேராக நிறுத்திவிடும். பூட்டு விழுந்த இறக்கையும் விழாத இறக்கையும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். கையில் தூக்கி ஆட்டிப் பார்த்தாலும் பெரிதாக வித்தியாசம் தெரியாது. காற்று கீழிருந்து தூக்கும்போதுதான் விஷயம் வெளியே வரும், ஏனென்றால் எங்கள் கீல் மேல்நோக்கித்தான் மடியும். அதாவது பூட்டு விழவில்லை என்பதை விமானம் கையைவிட்டுப் போன பிறகுதான் சொல்லும். அதற்கு முன்னால் சொல்லக்கூடியது அந்த 'டக்' மட்டும்தான்.

அவன் அதைத்தான் சொன்னான்.

நாங்கள் நின்ற மேடு ஏறக்குறைய 1,900 மீட்டர் உயரம். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. சமவெளியில் எறிவதைவிடப் பத்து சதவீதமாவது அதிக வேகம் இருந்தால்தான் இறக்கை பிடிக்கும். "நல்லா வேகமா எறி" என்று நான்தான் சொன்னேன். இரண்டடி ஓடிவந்து முழு பலத்தோடு எறிந்தான். இடது இறக்கை பாதியிலிருந்து மேலே எழும்பி மடிந்தது. கதவைத் திறந்த மாதிரி அவ்வளவு சாதாரணமாக மடிந்தது. வலது பக்கம் மட்டும் தூக்க, அது இடப்பக்கம் புரண்டு, ஒரு சில்வர் ஓக் மரத்தை உரசிக்கொண்டு கீழே தேயிலைக்குள் விழுந்தது.

கொழுந்து பறிக்கிறவர்கள் அன்றைக்குக் கொஞ்சம் முன்னதாகவே வந்திருந்தார்கள். அது எனக்குத் தெரியாது, மேட்டிலிருந்து அந்த வரிசை தெரியாது. நான்கு கிலோ எடையுள்ள பொருள் அவர்களிடமிருந்து இரண்டு வரிசை தள்ளி விழுந்திருக்கிறது. நாங்கள் ஓடி இறங்கிப் போனபோது ஒரு அக்கா பிய்ந்துபோன இறக்கை நுனியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பனியில் நனைந்திருந்த அதைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டுத்தான் கொடுத்தார். "பொருளு ரொம்ப வெலையா தம்பி?" என்று கேட்டார். அடி எதுவும் படவில்லையே என்று நான்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். கேட்டேன், ஆனால் அவருக்குப் பிறகு.

அமெரிக்கக் கடற்படையின் க்ரூஸேடர் போர்விமானம் ஒன்று 1960-இல் இத்தாலியின் நேப்பிள்ஸில் இரவு நேரத்தில் இறக்கை நுனிகள் மடிந்தபடியே ஓடுபாதையை விட்டு எழும்பிவிட்டது. விமானியும் கவனிக்கவில்லை. மேலே போன பிறகுதான் தெரிந்து, சுமார் 24 நிமிடம் பறந்து பத்திரமாக இறங்கினார். எங்கள் விபத்துக்குப் பிறகு இந்தக் கதையை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேனோ தெரியாது. அவ்வளவு பயிற்சி உள்ளவர்களுக்கே நடக்கிறது பாருங்கள் என்பதற்காகச் சொன்னேன். ஆனால் அந்த விமானம் பிழைத்ததற்கு முக்கியமான காரணம், இரண்டு நுனிகளும் ஒரேமாதிரி மடிந்திருந்தன, உருள்வதைக் கட்டுப்படுத்தும் பாகங்கள் மடியாத உட்பகுதியில் இருந்தன. எங்களுக்கு ஒரு பக்கம்தான் மடிந்தது. இன்னொரு வித்தியாசமும் உண்டு. அந்த விமானியிடம் யாராவது வந்து சந்தேகம் சொன்னார்களா என்பது எனக்குத் தெரியாது. என்னிடம் சொல்லியிருந்தான்.

அந்த எஃகு பின் ஏன் துளையில் உட்காரவில்லை? கோவைக்கு வந்ததும் இதைத்தான் முதலில் பிடித்துக்கொண்டேன். மலையில் அன்று குளிர் ஏழெட்டு டிகிரி. அலுமினியம் எஃகைவிட அதிகமாகச் சுருங்கும், ஆகவே துளை இறுகியிருக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். கணக்குப் போட்டால் இருபது டிகிரி வித்தியாசத்துக்கு ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் வருகிறது. அது போதாது. கிரீஸ் காரணமாக இருக்கலாம். சாதாரண கிரீஸ், குளிரில் கெட்டிப்பட்டு ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும். உடைந்த கீலைத் திறந்தபோது பின் பாதி தூரம் வந்து நின்றிருந்தது, அதன் மேல் மெழுகு மாதிரி கிரீஸ் படிந்திருந்தது. எனக்கு ஒரு நிம்மதி வந்தது. காரணம் கிடைத்துவிட்டது, பொருளில் இருக்கிறது, ஆளில் இல்லை.

சரி, அப்படியென்றால் நான் ரிப்போர்ட்டில் ஏன் அப்படி எழுதினேன்?

"இடது இறக்கையின் பூட்டை உதவியாளர் பொருத்தினார். பறப்பதற்கு முன் செக்லிஸ்ட் சரிபார்க்கப்பட்டது." இரண்டு வரி. இரண்டிலும் பொய் கிடையாது. ஆனால் முதல் வரியில் ஆள் இருக்கிறான், இரண்டாவது வரியில் ஆளே இல்லை. சரிபார்த்தது நான். சத்தம் வரவில்லை என்று அவன் சொன்னது இரண்டு வரிக்கும் நடுவில் வர வேண்டியது, அதை எழுதவில்லை. அப்போது அது எனக்கு மறைத்த மாதிரித் தோன்றவில்லை. பேச்சோடு பேச்சாகச் சொன்னதை எல்லாமா ரிப்போர்ட்டில் எழுதுவார்கள் என்றுதான் நினைத்தேன்.

யாரும் அவனைத் திட்டவில்லை. ஏப்ரலில் அவனுடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை, அவ்வளவுதான். சர்வே வேலை குறைந்திருக்கிறது என்று சொன்னார்கள். குறைந்துதான் இருந்தது. அந்த ரிப்போர்ட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பார்கள். இருந்தாலும் கேட்டிருக்கலாம்.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். அன்று காலை ஏழரை மணி. அந்தப் பக்கம் வெயில் ஏறிச் சமவெளி சூடான பிறகுதான் பள்ளத்தாக்கிலிருந்து காற்று மேலே வரும். ஏழரைக்கு இலை அசையாது. இது எனக்கு நன்றாகத் தெரியும், அதற்காகத்தானே அவ்வளவு காலையில் போகிறோம். பிறகு எதனால் எனக்குக் காற்றுச் சத்தம் என்று தோன்றியது? ஒரு வருடம் கழித்து, அன்று எடுத்த ஒரு படத்தைப் பார்க்கும்போது தெரிந்தது. என் தலையில் காதை மூடிய மங்கி குல்லா. அவன் கோத்தகிரிப் பக்கத்து ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், பிறந்து வளர்ந்தவன், அந்தக் குளிருக்கெல்லாம் குல்லா போடமாட்டான். படத்தில் அவன் காது சிவந்திருப்பதுகூடத் தெரிகிறது. கேட்கக்கூடிய காது அவனுடையதுதான். நான் என் காதை வைத்து அவன் காதுக்குப் பதில் சொல்லியிருக்கிறேன்.

அதன் பிறகு வடிவத்தை மாற்றினோம். பின்னின் கழுத்தில் சிவப்பு வளையம். முழுவதும் உள்ளே போனால் வளையம் மறைந்துவிடும், பாதியில் நின்றால் பத்தடி தூரத்திலிருந்து தெரியும். யோசனை என்னுடையது இல்லை. கப்பலில் நிற்கும் மடக்கு இறக்கை விமானங்களில், பூட்டு விழாவிட்டால் சிவப்பாக ஒன்று வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்படி வெகுகாலமாகவே வைத்திருக்கிறார்கள். போயிங் 777எக்ஸ் இறக்கை விரித்தால் 71.8 மீட்டர், நுனியை மடக்கினால் 64.8. விமான நிலையத்தில் 65 மீட்டருக்குள் அடங்கும் இடத்தில் நிற்க வேண்டும் என்பதற்காகவே அந்த மடிப்பு. அதற்கு 2018-இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம் தனி நிபந்தனைகள் போட்டது. இறக்கை நுனி சரியாகப் பூட்டவில்லை என்றால் விமானிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வழியில் எச்சரிக்கை போக வேண்டும். எச்சரிக்கை மட்டும் போதாது, விமானம் கிளம்ப முடியாதபடி தடுக்கவும் ஒரு வழி இருக்க வேண்டும். இதைப் படித்தபோது எனக்கு அந்தக் காலைதான் ஞாபகம் வந்தது. எச்சரிக்கை கேட்டும் கிளம்புகிறவன் இருப்பான் என்று தெரிந்துதானே அதை எழுதியிருக்கிறார்கள்.

சிவப்பு வளையத்துக்காக ஆபீசில் என்னைப் பாராட்டினார்கள். நல்ல மாற்றம்தான், இன்றுவரை ஒரு பூட்டும் தவறவில்லை. பெயின்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தபோது மட்டும் ஒன்று மனதில் பட்டது. இந்த வளையம் சொல்லப்போவதைத்தான் அவன் அன்று சொன்னான். அவன் சொன்னால் விடு என்கிறேன், பெயின்ட் சொன்னால் நிற்கிறேன். இதற்கு எதிராகவும் எனக்குள் ஒரு வாதம் உண்டு. ஒவ்வொரு சந்தேகத்துக்கும் நின்றால் மலையில் வேலையே நடக்காது, அந்த வாரம் ஏற்கெனவே இரண்டு நாள் பனிமூட்டத்தில் போயிருந்தது. இந்த வாதம் தவறு என்று என்னால் இன்னும் சொல்ல முடியவில்லை.

பனிமூட்டம் விலகக் காத்திருந்த அந்த இரண்டு நாளும் நானும் அவனும் மேட்டில் உட்கார்ந்து ஒரு கருங்கழுகைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சில்வர் ஓக் மரங்களின் தலையை ஒட்டி, சிறகே அடிக்காமல் போகும். இறக்கை நுனியில் விரல் மாதிரிப் பிரிந்திருக்கும் இறகுகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக வளையும். "அதுக்குப் பூட்டே இல்லையேண்ணா" என்றான். அதற்கு எல்லா இடத்திலும் உணர்ச்சி இருக்கிறது, ஒரு இறகு நகர்ந்தாலும் உடம்புக்குத் தெரியும் என்று விளக்கினேன். வில்பர் ரைட் 1899-இல் சைக்கிள் கடையில் ஒரு காலி அட்டைப்பெட்டியைக் கையால் முறுக்கிப் பார்த்து, இறக்கையையும் இப்படி முறுக்கலாம் என்று கண்டுபிடித்த கதையையும் சொன்னேன். கையில் இருந்த வர்க்கி பொட்டலத்தை அவனும் முறுக்கிப் பார்த்தான். நல்ல பையன். கற்றுக்கொள்ளும் ஆசை இருந்தது.

போன வருடம் கோத்தகிரி பஸ் ஸ்டாண்டு அருகே பார்த்தேன். பச்சை இலை ஏற்றும் வண்டி ஓட்டுகிறான். நான் ஒதுங்கிப் போயிருப்பேன், அவனே வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தான். வீட்டில் எல்லாரையும் விசாரித்தான். "இப்ப பூட்டு சரியா விழுதாண்ணா?" என்று கேட்டான். சிவப்பு வளையம் போட்டிருக்கிறோம் என்றேன். "அது நல்லதுண்ணா" என்றான். ஃபேக்டரிக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டான். ரிப்போர்ட்டைப் பற்றிச் சொல்ல வாய் வரை வந்தது. அவனுக்கு அந்த வாக்கியமே ஞாபகம் இல்லாமல்கூட இருக்கலாம். ஞாபகம் இருந்துதான் பூட்டைப் பற்றிக் கேட்டானோ என்னவோ.

இந்த மாதம் மறுபடி அதே தோட்டம். புதுப்பையன், இன்னும் சார் என்றுதான் கூப்பிடுகிறான். அவன் இடது இறக்கையை விரித்தான். நான் குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "சத்தம் கேட்டுச்சா?" என்றேன். "கேட்டுச்சு சார்" என்றான். இறக்கை அப்போது பாதிதான் விரிந்திருந்தது.

மடக்கி, மறுபடி மெதுவாக விரிக்கச் சொல்லிவிட்டு, கீலுக்குப் பக்கத்தில் குனிந்து நின்றேன்.