இலையின் அடிப்புறம்: அகசாவா வனத்தில் ஒரு பகல்

ஜப்பானின் நாகோயாவில் ரயிலேறி, கிசோ ஆற்றை ஒட்டியே நெடுநேரம் சென்று, அகேமட்சு என்ற சிற்றூரில் இறங்கிப் பேருந்து பிடித்தால், ஏறத்தாழ அரை மணி நேரத்தில் அகசாவா வனத்தின் வாசலில் நிற்கலாம். அக்டோபர் மாதத்துக் காலையொன்றில் நான் அங்கே இறங்கியபோது முதலில் வந்து சேர்ந்தது வாசனைதான். புதிதாக இழைத்த பலகையின் மணத்தோடு, எலுமிச்சைத் தோலைக் கிள்ளியது போன்ற மெல்லிய காரமும் அதில் கலந்திருந்தது. அது ஹினோகி என்ற ஜப்பானிய சைப்ரஸ் மரத்தின் மணம்.

‘ஷின்ரின்-யோகு’ என்ற சொல்லைப் பின்தொடர்ந்தே வந்திருந்தேன். ஷின்ரின் என்றால் காடு, யோகு என்றால் குளியல். நீரில் இறங்காமல், காட்டின் காற்றிலும் ஒளியிலும் ஓசையிலும் நனைந்தபடி மெல்ல நடப்பதே அந்தக் குளியல். பௌத்தத் துறவிகள் காலத்து வழக்கமாக இருக்கும் என்று வெகுநாள் நம்பியிருந்த எனக்கு, 1982-இல் ஜப்பானிய அரசின் வனத்துறைதான் அதை முன்வைத்தது என்பதும், அந்தப் பெயரிலான முதல் கூடுகை இதே அகசாவாவில் நடந்தது என்பதும் சற்றே ஏமாற்றமளித்தன. பின்னாளில் மருத்துவர்கள் காட்டில் நடந்தவர்களின் கார்டிசால் என்ற மன அழுத்த இயக்குநீரின் அளவையும் நோயெதிர்ப்பு அணுக்களையும் அளந்து பார்த்தார்கள். மரங்கள் காற்றில் விடும் ‘ஃபைட்டான்சைடு’ சேர்மங்களுக்கு அதில் பங்குண்டு என்கிறார்கள். அந்த ஆய்வுகளில் பல சிறு குழுக்களிடம் நடத்தப்பட்டவை என்பதால், காட்டை மாத்திரையாகப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

இந்தக் காட்டின் கதை அமைதியானதும் அல்ல. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கோட்டைகளையும் நகரங்களையும் எழுப்புவதற்காகக் கிசோ மலைகளின் மரங்கள் கண்மண் தெரியாமல் வெட்டப்பட்டன. மலை மொட்டையாகும் நிலை வந்ததும், இப்பகுதியை ஆண்ட ஓவாரி அரசு 1665-இல் காட்டின் பல பகுதிகளை மக்களுக்கு மூடியது. ‘மரம் ஒன்றுக்குத் தலை ஒன்று’ என்று அக்காலத்தைப் பற்றி இன்றும் சொல்கிறார்கள். இப்போது அண்ணாந்து பார்க்க வைக்கும், 300 வயதை எட்டிய ஹினோகிகள் அந்த அச்சத்தின் காவலில் வளர்ந்தவை. கண்ணெதிரே காடு, கைவைத்தால் தலை என்று வாழ்ந்த மலையடிவார மக்களை நடக்கும்போதெல்லாம் நினைத்துக்கொண்டேன்.

சில மரங்கள் வளைந்த வேர்க்கால்களை ஊன்றி, அடியில் வெற்றிடம் தெரிய நிற்கின்றன. வீழ்ந்த மரத்தின் மேலோ அடிக்கட்டையின் மேலோ விழுந்த விதை அங்கேயே முளைத்து, கட்டையைக் கவ்வியபடி வேர்களை மண்ணுக்கு இறக்கியிருக்கிறது; கட்டை மக்கிப்போன பிறகு, அது இருந்த இடம் மட்டும் பொந்தாக மிஞ்சியிருக்கிறது. அந்தப் பொந்துக்குள் கையை விட்டேன். உள்ளே குளிர்ச்சியும் ஈரமான தூளும் தவிர வேறொன்றும் இல்லை.

பாதையோரம் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர் நான் குனிந்து பார்ப்பதைக் கவனித்திருக்க வேண்டும். எங்கள் இருவருக்கும் பொதுவான மொழி இல்லை. உதிர்ந்து கிடந்த இரண்டு இணுக்குகளை எடுத்து நீட்டினார். எனக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரிந்தன. அவற்றைத் திருப்பி, கழுத்தில் தொங்கிய பூதக்கண்ணாடியை என்னிடம் கொடுத்தார். ஒன்றின் அடிப்புறத்தில், இலைத்துளைகள் வரிசைகட்டிய வெண்கோடுகள் ‘ஒய்’ எழுத்தைப் போலவும், மற்றொன்றில் ‘எக்ஸ்’ போலவும் இருந்தன. தம் உள்ளங்கையில் விரலால் ஒய் வரைந்து “ஹினோகி” என்றார். எக்ஸ் வரைந்து “சவாரா” என்றார். அதன் பிறகு பத்து நிமிடப் பாதையைக் கடக்க எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

1975 வரை மரம் சுமந்த குறும்பாதை ரயில், 1987 முதல் பயணிகளைச் சிறிது தூரம் ஏற்றிச் செல்கிறது; குழந்தைகளுக்கு மிகவும் பிடிக்கும். என்னை அதிகம் நிறுத்திவைத்தது, 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிதாகக் கட்டப்படும் இசே என்ற ஷிண்டோ ஆலயத்துக்காக 1985-இல் வெட்டிய புனித மரத்தின் அடிக்கட்டைதான். கோடரியால் மூன்று புறமும் குடைந்து, மூன்று தாங்கல்களை மட்டும் விட்டு, கடைசியில் ஒன்றை வெட்டி மரத்தைச் சாய்ப்பது அங்குள்ள மரபாம்.

பெரிய ஹினோகிகளின் அடியில் அவற்றின் கன்றுகளைத் தேடினேன். அரிதாகவே கண்ணில் பட்டன. அடர்ந்த நிழல் அவற்றுக்கு ஒத்துவராது. நிழலைப் பொறுத்துக்கொள்ளும், அசுனாரோ என்ற வேறொரு மரத்தின் கன்றுகளே எங்கும் நெருங்கி நின்றன. ‘நாளை ஹினோகி ஆவேன்’ என்று சொல்லிக்கொள்வதால் அதற்கு அந்தப் பெயர் வந்ததென்று மக்கள் விளக்கம் ஒன்று உண்டு. பேருந்துக்கு நேரமாகிவிட்டது. உதிர்ந்து கிடந்த அசுனாரோ இணுக்கு ஒன்றை அவசரமாகத் திருப்பிப் பார்த்தேன். ஒய்யும் இல்லை, எக்ஸும் இல்லை; சுண்ணாம்பை விரலால் தீற்றியது போல, அகன்ற வெண்பட்டைகள்.