ஒலியை அணைத்துப் பார்த்த பத்து கிறிஸ்துமஸ் படங்கள்

நவம்பர் பிறந்தால் ஓடிடி தளங்களில் கிறிஸ்துமஸ் படங்கள் வரிசைகட்டி வந்து நிற்கும். பாதிப் படங்களுக்கு முடிவு போஸ்டரிலேயே தெரிந்துவிடும். அதனால் 'அடுத்து என்ன ஆகும்' என்பதை வைத்து இவற்றை எடை போட முடியாது. 2017 முதல் 2024 வரை வந்தவற்றில் பத்தை எடுத்து, ஒவ்வொன்றையும் இரண்டு முறை ஓட்டிய குறிப்புகள் இவை. முதல் முறை கதைக்காக. இரண்டாம் முறை ஒலியை முழுக்க அணைத்துவிட்டு, பனிக்காகவும் வெளிச்சத்துக்காகவும். ஒலி இல்லாமலும் குளிர் உறைக்கிற படம் ஒலியோடும் நன்றாகவே இருந்தது. ஒரே ஒரு படம் இந்தக் கணக்கை மீறியது, அது பின்னால் வரும்.

முதல் வேலை டிவியில்தான். அசைவை வழவழப்பாக்கும் வசதி பல புது டிவிகளில் வாங்கும்போதே ஓடிக்கொண்டிருக்கும். சாம்சங்கில் ஆட்டோ மோஷன் ப்ளஸ், எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ என்று பெயர். நொடிக்கு 24 பிரேம் உள்ள படத்தில் இல்லாத பிரேம்களை டிவியே உருவாக்கி நடுவில் செருகும். மனிதர்கள் நடித்த படம் சீரியல் போல ஆகிவிடும். கையால் வரைந்த அனிமேஷனுக்கு இன்னும் கெடுதல். அதில் பல இடங்களில் ஒரே ஓவியம் இரண்டு பிரேமுக்கு நிற்கும், அதாவது நொடிக்கு 12 ஓவியங்கள். வரைந்தவர் யோசித்து விட்ட அந்த இடைவெளியை டிவி நிரப்பப் போய், விரல் நுனியெல்லாம் இழுபட்டுக் கலங்கிவிடும். அதை அணைத்துவிட்டு, படத்தை எடுத்தபடியே காட்டும் ஃபிலிம்மேக்கர் மோட் இருந்தால் அதில் வையுங்கள்.

அடுத்தது இணைய வேகம். பனி விழும் படங்களுக்கு இது தனித் தலைவலி. வீடியோவைச் சுருக்கும்போது, முந்தைய பிரேமில் இருந்தது எங்கே நகர்ந்தது என்பதை மட்டும் குறித்து இடத்தை மிச்சம் பிடிப்பார்கள். ஆயிரம் துகள்கள் ஆயிரம் பக்கமாக விழும்போது அந்தக் கணக்கு நிற்காது. வானம் கட்டம் கட்டமாக உடையும், பனி மாவுக் கரைசல் போலத் தெரியும். 1080பி-க்கு 5 எம்பிபிஎஸ், 4கே-க்கு 15 எம்பிபிஎஸ் வேண்டும் என்கிறது நெட்ஃபிளிக்ஸ். மாலையில் வேகம் விழும் இணைப்பு என்றால், போனிலோ டேப்லெட்டிலோ முன்கூட்டியே டவுன்லோடு செய்துகொள்ளலாம். ஆனால் டவுன்லோடு தரத்தை 'ஹை' என்று மாற்றிய பிறகு செய்யுங்கள். இல்லாவிட்டால் அதே கட்டங்கள் கோப்பிலும் வந்து உட்கார்ந்துவிடும். டிவியின் சொந்த ஸ்பீக்கரில் வசனம் அமுங்கி, இசை மட்டும் அலறினால், ஆடியோ பட்டியலில் 5.1 (பல ஸ்பீக்கர்களுக்கானது) என்று போடாத தடத்தை எடுங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும்.

பொய்ப் பனி இன்று வந்த பழக்கம் இல்லை. 1946-இல் வெளியான 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' படத்தைக் கொளுத்தும் கோடையில் எடுத்தார்கள். அதுவரை ஹாலிவுட்டில் பெரும்பாலும் வெள்ளையடித்த கார்ன்ஃபிளேக்ஸைத்தான் பனியாகக் கொட்டுவார்கள். மிதித்தால் நொறுங்கும் சத்தத்தில் வசனம் கேட்காது, பிறகு தனியாகப் பதிவு செய்ய வேண்டியிருக்கும். இந்தப் படத்துக்காக ஆர்கேஓ ஸ்டூடியோ ஆட்கள் தீயணைப்பு நுரையை அடிப்படையாகக் கொண்டு சத்தமில்லாத பனியைச் செய்தார்கள். இப்போது காகிதத் துகள், நுரை, தரையில் விரிக்கும் வெள்ளைப் போர்வை என்று வந்துவிட்டது. கண்டுபிடிப்பது சுலபம். வெளிக்காட்சியில் பேசுபவர் வாயிலிருந்து மூச்சு புகையாக வருகிறதா என்று பாருங்கள். கம்பளிக் கோட்டில் விழுந்த துகள், வீட்டுக்குள் வந்து ஐந்து நிமிடம் ஆகியும் உலர்ந்தே இருந்தால் அது காகிதம். நிஜப் பனி உருகி ஈரத் திட்டாகியிருக்கும். கூரையெல்லாம் வெள்ளை, மரக்கிளை மட்டும் மொட்டை என்றால், செட் ஆட்கள் கிளை வரை ஏறவில்லை என்று அர்த்தம்.

இந்தக் கண்ணோடு முதலில் 'எ கிறிஸ்துமஸ் பிரின்ஸ்' (2017). ஆல்டோவியா என்ற கற்பனை நாட்டு அரண்மனையாக வருவது ருமேனியாவின் பெலெஷ் கோட்டை. அந்த நிஜக் கட்டடம் படத்தைப் பாதி தாங்குகிறது. நிருபர் ஒருத்தி டீச்சர் என்று பொய் சொல்லி அரண்மனைக்குள் நுழையும் கதை பழசுதான். ஆனாலும் மறைந்த அரசர் செய்த ஓக் விதை வடிவ அலங்காரத்தை முன்பே காட்டிவைத்து, கடைசியில் அதற்குள்ளிருந்தே தீர்ப்பை எடுத்த விதத்தில் திரைக்கதை நாணயமாக இருக்கிறது. கைக்குள் அடங்கும் ஒரு பொருளை நம்பி முடிச்சைப் போட்டிருக்கிறார்கள்.

லிண்ட்சே லோஹன் நடித்த இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள், முடிச்சு போடும் வித்தை புரியும். 'ஃபாலிங் ஃபார் கிறிஸ்துமஸ்' (2022) படத்தில் பணக்காரப் பெண் பனிச்சரிவில் விழுந்து நினைவை இழக்கிறாள். நினைவு திரும்பும்வரை அவள் எடுக்க வேண்டிய முடிவு எதுவும் இல்லை. அதனால் நடுப்பகுதி காலியாகக் கிடக்கிறது. 'அவர் லிட்டில் சீக்ரெட்' (2024) படத்தில், முன்னாள் காதலர்கள் இருவரும் இப்போது பழகுவது ஒரே வீட்டு அண்ணன் தங்கையுடன் என்று கிறிஸ்துமஸுக்காக அந்த வீட்டுக்கு வந்த இடத்தில் தெரியவருகிறது. பழைய கதையை மறைக்கலாம் என்று அவர்களே முடிவெடுக்கிறார்கள். தானாகப் போட்ட முடிச்சு என்பதால் ஒரு பொய் அடுத்த பொய்யைக் கேட்கிறது, காட்சி தானாக நகர்கிறது. பனியைப் பொறுத்தவரை இரண்டுமே சுமார். ஆனாலும் இரண்டாவது படம் ஓடிவிடுகிறது.

'ஹாட் ஃப்ராஸ்டி' (2024) பெயரைக் கேட்டுத் தள்ளிவிடாதீர்கள். கணவனை இழந்து உணவகம் நடத்தும் கேத்தி ஒரு பனிச்சிலைக்குக் கழுத்துத் துண்டு போட, அது ஆளாக எழுந்து வருகிறது. அவள் வீட்டு ஹீட்டர் பழுதாகிக் கிடக்கிறது. அவள் சரிசெய்யாமல் விட்ட துக்கத்தின் அடையாளமும் அதுதான், உருகிவிடக் கூடிய அவன் அங்கே தங்க முடிவதற்குக் காரணமும் அதுதான். ஒரே பொருளுக்கு இரண்டு வேலை. இந்த வகைப் படங்களில் இப்படி ஒரு சிக்கனம் அபூர்வம். குளிர் அவனுக்கு உயிர் என்பதால், படம் முழுக்க நம் கண் வெப்பத்தைத் தேடிப் பயப்படுகிறது.

பத்தில் முதலிடம் 'கிளாஸ்' (2019) படத்துக்கு. செர்ஜியோ பாப்லோஸ் இயக்கியது, மாட்ரிட்டில் அவருடைய ஸ்டூடியோவில் செய்தது. ஆஸ்கர் பரிந்துரைக்குப் போனது, பிரிட்டனின் பாஃப்டா விருதை வென்றது. பலரும் இதை 3டி என்றே நினைக்கிறார்கள். இல்லை, கையால் வரைந்த 2டி. வழக்கமான 2டி-யில் பின்னணி ஓவியம் வெளிச்சமும் நிழலுமாக இருக்கும், ஆட்கள் மட்டும் தட்டையாக ஒட்டிவைத்தது போலத் தெரிவார்கள். இங்கே வரைந்த உருவத்தின் மேல் ஒளியையும் நிழலையும் ஓவியரே தீட்டி, அது அசைவோடு கூடவே போகும்படி ஒரு பிரெஞ்சு நிறுவனத்தோடு சேர்ந்து கருவி செய்துகொண்டார்கள். ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். ஊர் முதலில் சாம்பலும் நீலமுமாகச் செத்துக் கிடக்கும். கதை போகப் போக ஜன்னல்களில் மஞ்சள் ஏறும். சிறையில் இருப்பது போல வீட்டுக்குள் அடைந்த பையனுக்கு முதல் பொம்மை போய்ச் சேரும் இரவைத் திரும்ப ஓட்டிப் பாருங்கள். சாவி கொடுத்தால் குதிக்கும் தவளை அது. உள்ளே பையன் சிரிக்க, வெளியே இருட்டில் நிற்கும் பொம்மை செய்பவர் கிளாஸின் முகத்தில் அந்த அறையின் வெளிச்சம் படுகிறது. வசனமே வேண்டாம்.

எழுத்திலும் அதே ஒழுங்கு. ஓராண்டில் 6,000 கடிதங்களுக்கு முத்திரை குத்தியாக வேண்டும் என்பது தபால்காரன் ஜெஸ்பரின் சுயநலம். சாண்டா கதைகளில் வழக்கமாக வரும், புகைபோக்கி வழியே இறங்குவதும், போக்கிரிப் பையனுக்குக் கரி கிடைப்பதும், பறக்கும் வண்டியும் அந்தச் சுயநலத்திலிருந்து ஒவ்வொன்றாகக் காரணத்தோடு பிறக்கின்றன. மந்திரம் என்று சொல்லித் தப்பிப்பது முடிவுக் காட்சிகளுக்கு முன்பு இல்லை.

கிளாஸுக்குக் குரல் கொடுத்த ஜே.கே. சிம்மன்ஸ்தான் 'ரெட் ஒன்' (2024) படத்தின் சாண்டா. தியேட்டரில் நவம்பர் 15, பிரைமில் டிசம்பர் 12 என்று வந்தது. பணம் கொட்டியிருக்கிறது, குளிர் மட்டும் இல்லை. கணினிப் பனிக்கு எடை கிடையாது, இருட்டில் முகம் பிடிபடுவதில்லை, சாண்டாவைக் கடத்திக் கதையின் பெரும்பகுதிக்கு ஓரம்கட்டிவிடுகிறார்கள். அவ்வளவு நல்ல நடிகரை வீணடித்தது வருத்தம்தான்.

குழந்தைகளோடு பார்க்க 'ராபின் ராபின்' (2021). 32 நிமிடம்தான். ஆர்ட்மேன் ஸ்டூடியோ, கம்பளியை ஊசியால் குத்திக் குத்தி இறுக்கிச் செய்த பொம்மைகளை ஒவ்வொரு பிரேமாக நகர்த்தி எடுத்தது. பெரிய திரையில் இழை இழையாகத் தெரியும். 'தட் கிறிஸ்துமஸ்' (2024) படத்தில் கதாபாத்திரங்கள் அதிகம், முதல் இருபது நிமிடம் யார் யார் பிள்ளை என்று குழம்பும். பனிப்புயல் வந்து எல்லோரையும் பிரித்துப் போட்டதும் நேராகிவிடுகிறது. தனித்திருக்கும் டேனியும் கண்டிப்பான ஆசிரியையும் வரும் பகுதியை மட்டும் ஒரு படமாக எடுத்திருக்கலாம்.

கணக்கை மீறியது 'கேரி-ஆன்' (2024). கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையம். பனி பெய்யாத ஊர். எடுத்ததோ நியூ ஆர்லியன்ஸ் விமான நிலையத்தின் பழைய முனையத்தில். பை சோதிக்கும் எக்ஸ்ரே நாற்காலியில் ஒருவன், தட்டில் வந்த ஒரு இயர்பட், ஒரு பையைக் கடந்துபோக விடு என்று காதுக்குள் மிரட்டும் குரல். ஒலியை அணைத்தால் குரல் போய்விடும், பதற்றம் போகவில்லை. காரணம் வரிசை. அவனாக நடிக்கும் டாரன் எஜர்டன் முகத்துக்குப் பின்னால் ஆட்கள் நகர்ந்துகொண்டே இருக்கிறார்கள், பெல்ட் நிற்பதில்லை, அவனால் எழுந்திருக்க முடியாது. மற்ற படங்களில் குளிர் செய்த நெருக்கடியை இங்கே பண்டிகைக் கூட்டம் செய்கிறது. பிற்பாதியில் நாற்காலியை விட்டு ஓட ஆரம்பித்ததும் அந்தப் பிடி தளர்கிறது.

'ஜிங்கிள் ஜாங்கிள்' (2020) பாட்டுப் படம் என்பதால் இந்த முறைக்குச் சரியாக ஒத்துவரவில்லை. பாட்டில்லாமல் ஆட்டம் உடற்பயிற்சி போல ஆகிவிட்டது. ஆப்பிரிக்க அச்சுத் துணியில் தைத்த விக்டோரியா காலத்து உடைகளை நிதானமாகப் பார்க்க முடிந்தது மட்டும் லாபம். அடுத்து ஆப்பிள் டிவியின் 'ஸ்பிரிட்டட்' (2022) காத்திருக்கிறது. அதுவும் பாட்டுப் படம். ஆகவே முறையைத் தலைகீழாக்கி, முதல் சுற்றில் திரையை மூடிவிட்டுப் பாட்டை மட்டும் கேட்க வேண்டும்.