பெறுநர்

காரைக்குடி தாலுகா ஆபீஸ் பக்கம் எனக்கு ஒரு சின்ன ஜெராக்ஸ் கடை. ஜெராக்ஸை விட மனு எழுதுவதில்தான் பிழைப்பு. பட்டா மாறுதல், முதியோர் பென்ஷன், முப்பது பங்காளி கையெழுத்துப் போட வேண்டிய பழைய வீட்டு விவகாரம்... எதுவானாலும் அனுப்புநர், பெறுநர், பொருள் என்று கை தானாக ஓடும்.

போன மாசம் ஒரு திங்கட்கிழமை, சந்தை நாள். கூட்டம் வடியும்வரை ஓரமாக நின்ற ஒரு அம்மா கடைசியில் வந்தார். மகன் லீவு முடிந்து ஹாஸ்டலுக்குத் திரும்ப மாட்டேன் என்கிறானாம். வார்டன் பெயரைச் சொன்னாலே சாப்பிடுகிற தட்டை விட்டு எழுந்துவிடுகிறானாம். அதற்கு மேல் அவர் சொன்னதை இங்கே எழுதப் போவதில்லை.

“பெறுநர் யாரும்மா?”

“நிர்வாகி ஐயாவுக்குத்தாண்ணே. அவுகதான நம்ம புள்ளைக்குச் சோறு போடுறாக.”

அங்கேதான் கை நின்றது. கொரோனாவில் கடை பூட்டிக் கிடந்தபோது ஆஸ்திரேலிய ராயல் கமிஷன் பற்றி நிறைய வாசித்தேன். பள்ளி, சர்ச், அனாதை இல்லம் என்று நிறுவனங்களுக்குள் குழந்தைகளுக்கு நடந்த பாலியல் கொடுமைகளை 2013 முதல் 2017 வரை விசாரித்தார்கள். அறிக்கை 17 தொகுதி. அதில் திரும்பத் திரும்ப வருவது இதுதான்: புகார் நிறுவனத்தின் பெரியவரிடமே போகும், அவர் அந்த ஆளை வேறு ஊருக்கு மாற்றிவிடுவார். அந்த ஊரிலும் பிள்ளைகள் இருப்பார்களே! அயர்லாந்தின் 2009 அறிக்கையும் கிட்டத்தட்ட இதே கதை. அங்கே மேற்பார்வை பார்க்க வேண்டிய கல்வித்துறையே, இல்லங்களை நடத்திய கத்தோலிக்கத் துறவற சபைகளுக்குப் பணிந்து போயிருக்கிறது.

நம்ம ஊரில் விசாரணைக் கமிஷன் என்றால் கிணற்றில் போட்ட கல். நானும் அப்படிச் சொல்கிறவன்தான். ஆனால் ஆஸ்திரேலியாவில் பாதிக்கப்பட்டவர்கள் 8,000 பேருக்கு மேல் மூடிய அறையில் கமிஷன் முன் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். சத்தியப் பிரமாணம் கிடையாது, குறுக்கு விசாரணை கிடையாது. வாய் திறக்க அவர்களுக்குச் சராசரியாக 24 வருஷம் ஆகியிருக்கிறது. இந்தப் பையன் ஒரே லீவில் அம்மாவிடம் சொல்லிவிட்டான்.

“நிர்வாகிக்கு வேண்டாம்மா” என்றேன். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கிற போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் யாராக இருந்தாலும் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும். மறைத்தால் ஆறு மாசம் வரை சிறை, நிறுவனத் தலைவர் மறைத்தால் ஒரு வருஷம் வரை. இப்போது எனக்கும் தெரிந்துவிட்டது, நானும் சும்மா இருக்க முடியாது.

“போலீசு வந்தா தெருவே பாக்குமேண்ணே?”

“யூனிபார்ம் போடாமத்தான் வரணும். முடிஞ்சவரை பொம்பளை எஸ்.ஐ.யைத்தான் அனுப்பணும். வீடு வேண்டாம்னா வேற எடம் சொல்லலாம்.”

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு என் போனிலேயே குழந்தைகள் உதவி எண் 1098 அடித்துக் கொடுத்தேன். பேசி முடிக்க இருபது நிமிஷம் ஆனது. அப்புறம் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஐம்பது ரூபாய் நீட்டினார். எழுதாத மனுவுக்கு ஏது கூலி? டீ சொன்னேன்.

பாதி டீயில் நிமிர்ந்தார். “இவன் பெட்டுக்கு அடுத்து ஒரு சின்னப் பய படுப்பான்ணே. அவனுக்கு அம்மா இல்ல.”

அதை போனில் சொன்னீர்களா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். மறுபடி 1098 அடித்தேன்.